பிள்ளைகள் சண்டை பெரியவர்கள் பகையாகலாமா?

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான் என்பார்கள். இந்த வீட்டில் தாளிக்கும் வாசம் அங்கே போகும். அங்கே ஏசும் ஏச்சு இங்கே கேட்கும். இன்று பல குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. வீடு மாறியது; சண்டை மாறியதா?

மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஒருவன் தள்ளிவிட, மற்றவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி வருகிறான். நடந்தது என்னவென்று முழுவதும் கேட்காமலே தாய் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். "பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதா?" என்கிறாள்.

இந்த ஒரு சொல்தான் விஷம். பிள்ளை தள்ளிய கதை அதோடு மறந்துபோகிறது. பெற்றவளின் வளர்ப்பே குற்றமாகிவிடுகிறது. அவள் சும்மா இருப்பாளா? வேலை முடிந்து வரும் கணவன்மாரும் சேர்ந்துகொள்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகள் இருவரும் ஒரே சைக்கிளில் போகிறார்கள். பெரியவர்களோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தீபாவளிப் பலகாரத் தட்டு அந்த வாசலை மட்டும் தாண்டிப் போகிறது.

நஷ்டம் யாருக்கு? விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது, "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று சொல்ல இருந்த ஒரு வாசல் போய்விட்டது. நடு இரவில் காய்ச்சல் என்றால், தூரத்து உறவினர் வருமுன் ஓடிவருகிறவர் அண்டை வீட்டார் அல்லவா?

ஆகவே தாய்மார்களே, முதலில் காயத்தைக் கழுவுங்கள். "அவன் என்ன செய்தான்?" என்பதோடு, "நீ என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். அன்றிரவே போகாதீர்கள். கோபம் ஆறியபின், நாலு பேர் இல்லாத நேரத்தில் போய், "அக்கா, உங்கள் மகன் என்ன சொன்னான்?" என்று பேச்சைத் தொடங்குங்கள்.

"அந்தக் காலத்தில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் பெரியவர்கள் கண்டிப்போம்" என்பார் பாட்டி. "என் பிள்ளையை மற்றவர் தொடக் கூடாது" என்பாள் மருமகள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தப்பைக் கண்டால் வாயால் தடுங்கள், கை நீட்டாதீர்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். தினமும் ஒரு பிள்ளை அடிபட்டு வருகிறது என்றால் மட்டும், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பேசியும் தீரவில்லையா? ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. 1975-இல் அது தொடங்கியபோது இரவுக் காவலே அதன் முக்கிய வேலை. 2012-ஆம் ஆண்டுச் சட்டமோ, அக்கம்பக்கத்தாரின் தகராறுகளில் சமரசம் பேசுவதையும் அதன் பணியாக்கியது. போலீசுக்குப் போகுமுன் அங்கே சொல்லிப் பார்க்கலாம்.

உங்கள் வாசலிலும் பேச்சு நின்றுபோன ஒரு வீடு இருக்கிறதா? பிள்ளைகள் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். இன்று மாலை நீங்களும் போய், "சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்டுப் பாருங்களேன்.