1992-இல் எந்தக் கேசட்டுக்கு முதல் இடம்?

கும்மிடிப்பூண்டியில் நம் சங்க நண்பர் ஒருவருடைய கடை மாடியில் அண்மையில் ஒரு மாலை எட்டுப் பேர் கூடினோம். எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கான்டீன் ஒப்பந்தக்காரர்களிடம் நிற்கும் பாக்கி என்று பேச வேண்டியவற்றைப் பேசி முடித்துக் காபிக்குக் காத்திருந்தோம். கீழே பொட்டலம் கட்டும் பையன் தன் செல்போனில் ஒரு பாட்டுப் போட்டான். பீகாரிலிருந்து வந்த பையன், பாட்டும் ஹிந்திப் பாட்டு. ஆனால் மெட்டு நம் ‘ரோஜா’ படத்தின் மெட்டு. அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்ட மெட்டு.

“அந்த வருஷம் இதுக்கு மேல ஒரு கேசட் கிடையாது” என்றார் அரிசி மண்டி வைத்திருப்பவர்.

“அப்ப ‘தேவர் மகன்’ எந்த வருஷம் வந்துச்சு அண்ணாச்சி?” என்று கேட்டார் எண்ணெய்க் கடைக்காரர்.

அதோடு காபி ஆறியது. நாம் கணக்கில் வாழ்கிறவர்கள். வாய்ப்பேச்சில் தீராததைச் சீட்டில் தீர்க்கலாம் என்று ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிழித்துக் கொடுத்தோம். 1992-இல் வெளியான படங்களின் கேசட்டுகளில் தமக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படி எழுத வேண்டும். ஒரே ஒரு பாட்டுக்காக எழுதக் கூடாது, முழுக் கேசட்டையும் நினைத்து எழுத வேண்டும். முதல் இடத்துக்கு ஐந்து மதிப்பெண், ஐந்தாம் இடத்துக்கு ஒன்று. எண்ணும் பொறுப்பை நம்மிடம் கொடுத்ததால் நம் சீட்டை மட்டும் எழுதாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

சீட்டுகளைப் பிரித்தவுடனே தள்ளுபடி வேலை தொடங்கியது. ‘தளபதி’ என்று எழுதியிருந்தவர்களின் சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அது 1991 தீபாவளிப் படம். ‘சின்னத்தம்பி’யும் 1991. திருவள்ளூரிலிருந்து வந்திருந்த ஒருவர் ‘ஜென்டில்மேன்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அது 1993. பத்து வருஷத்துக்கு முன் எந்த மாதம் துவரம் பருப்பு விலை ஏறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள், பாட்டு வந்த வருஷத்தில் இப்படித் தடுமாறினோம்.

பாட்டுகள் நிறைந்த வருஷம்

தடுமாறியதில் வியப்பில்லை. அந்த ஒரே வருஷத்தில் வந்த சரக்கைப் பாருங்கள். பொங்கலுக்கே ‘மன்னன்’, ‘சின்னக் கவுண்டர்’ இரண்டும் வந்தன, இரண்டுக்கும் இளையராஜா இசை. பிறகு ‘சிங்காரவேலன்’, ‘செம்பருத்தி’, ‘நாடோடித் தென்றல்’, ‘மீரா’ என்று அவருடைய கேசட்டுகளே கடை அலமாரியில் ஒரு வரிசையை அடைத்துக்கொள்ளும். ஆதித்யன் இசையமைத்த ‘அமரன்’ படத்தில் நடிகர் கார்த்திக்கே ஒரு பாட்டைப் பாடினார். அதைப் பெட்டிக்கடை வாசலில் கேட்காதவர் அப்போது குறைவு. மரகதமணியின் ‘வானமே எல்லை’யும் அந்த வருஷம்தான். ஜூன் மாதம் தேவா இசையில் ‘அண்ணாமலை’ வந்தது. ரஜினிகாந்த் படங்களில் இன்றும் தொடக்கத்தில் எழுத்து எழுத்தாக வரும் ‘சூப்பர் ஸ்டார்’ பெயர் அட்டை முதன்முதலில் காட்டப்பட்டது அந்தப் படத்தில்தான்.

ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் என்ற இளைஞருக்கு முதல் படம். அக்டோபர் 25 தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’ வந்தது. எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த ‘செந்தமிழ்ப் பாட்டு’கூட இதே 1992-தான். அதை யாரும் எழுதவில்லையே என்று நமக்குச் சிறிது வருத்தம்.

நடுவில் ஒரு வழக்கு எழுந்தது. ஆந்திர எல்லை ஊர் இது, தடா கூப்பிடு தூரம். தெலுங்கு பேசும் நண்பர் ஒருவர் ‘கரானா மொகுடு’ என்று முதல் இடத்தில் எழுதியிருந்தார். சிரஞ்சீவி நடித்தது, அதுவும் 1992-தான். ‘மன்னன்’, ‘கரானா மொகுடு’ இரண்டுமே ‘அனுராக அரளிது’ என்ற ஒரே கன்னடப் படத்திலிருந்து வந்தவை. ஒரே கதை, ஒரே வருஷம், தமிழில் இளையராஜா, தெலுங்கில் கீரவாணி. அந்தக் கீரவாணியைத்தான் தமிழில் மரகதமணி என்கிறோம். “நம்ம கடைல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வித்ததுங்க. ஒண்ணைத் தள்ளி ஒண்ணை எப்படி எண்ணுவீங்க?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. சீட்டை ஏற்றுக்கொண்டோம்.

விற்றதை எண்ணுவதா, கேட்டதை எண்ணுவதா?

அரிசி மண்டிக்காரர் இன்னொரு வாதம் வைத்தார். “எதுக்கு ஓட்டு? எது அதிகம் வித்ததோ அதுதானே முதல்?”

வணிகர் பேச்சு இப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த வழியை நமக்கு முன்பே ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார். 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியிருந்த நேரத்தில், இலங்கை வானொலியில் ‘பினாகா கீத்மாலா’ என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி, 2024 பிப்ரவரியில் காலமானார். பினாகா பற்பசை விற்ற மூத்த மளிகைக்காரர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மிருகப் பொம்மை நினைவிருக்கும். வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தி, வருஷக் கடைசியில் அந்த ஆண்டின் மொத்த வரிசையையும் சொல்வார்கள். வரிசைக்கு ஆதாரமாக இருந்தது முதலில் இசைத்தட்டுக் கடைக்காரர்கள் தரும் விற்பனைக் கணக்கு. அதாவது நம்மைப் போன்றவர்களின் சிட்டை.

அதில் ஓட்டை இருந்தது. நன்றாக ஓடும் பாட்டின் தட்டுத்தான் முதலில் தீர்ந்துபோகும். கடையில் சரக்கு இல்லாத வாரம் விற்பனைக் கணக்கும் இறங்கும், கேட்டு வந்து வெறும் கையோடு போனவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். அதனால் நேயர் மன்றங்கள் அனுப்பும் வரிசையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டு முறையிலும் ஓட்டை உண்டு என்பது வேறு விஷயம். 2002-இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் ‘தளபதி’ பாட்டு ஒன்று உலக அளவில் நான்காம் இடம் பெற்றது. முதல் இடம் ஓர் அயர்லாந்து தேசபக்திப் பாட்டுக்குப் போயிற்று, ஆதரவாளர்கள் ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பிச் சேர்ந்து ஓட்டுப் போட்டதால். நாம் ‘தளபதி’க்குப் போட்டதும் அப்படித்தானே என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது.

கேசட்டில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம் என்று வந்த காலம் அது. வாங்கிப்போனவர் எந்தப் பக்கத்துக்காகக் காசு கொடுத்தார் என்று கல்லாவுக்கு எப்படித் தெரியும்?

நம் கடைக் கணக்கு

இதையெல்லாம் பெரிய நியாயம் போல் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, நம் கடைக் கணக்கைச் சொல்லும் முறை வந்தபோது நாக்கு எழவில்லை.

டில்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், தம் டி-சீரிஸ் கேசட்டுகளை விலை குறைத்து, இசைத்தட்டுக் கடைகளோடு நிறுத்தாமல் மளிகைக் கடை, பீடாக் கடை வரைக்கும் கொண்டுபோய் வைத்தவர். அந்தக் காற்று தெற்கேயும் வீசியது. ஜி.என்.டி. சாலையை ஒட்டிய நம் மளிகைக் கடையிலும் சோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கேசட் தட்டு வைத்தோம். பருப்பில் கிடைக்காத லாபம் அதில் கிடைத்தது.

1992 ஆகஸ்டில் சென்னை மொத்தக் கடையில் ‘ரோஜா’வுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். இசை யார் என்று அட்டையைப் பார்த்தோம். கேள்விப்படாத பெயர். “பத்து போதும்” என்றோம். அதே கையால் தீபாவளிக்கு வந்த வேறொரு படத்துக்கு நடிகர் பெயரை மட்டும் பார்த்து அறுபது எடுத்தோம். பொங்கல் வரைக்கும் அந்தக் கேசட்டுகள் அலமாரியை விட்டு நகரவில்லை. பாட்டு மோசம் என்று சொல்ல மாட்டோம். சரக்கைக் கேட்டுப் பார்க்காமல் எடுத்தது நம் தவறு.

‘ரோஜா’ பத்தும் மூன்றே நாளில் போய்விட்டன. ஷிப்ட் முடிந்து வரும் சிப்காட் தொழிலாளர்கள் கேட்டபடியே இருந்தார்கள். சென்னையில் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தோம். இரட்டை டெக் ஒன்று வாங்கிப் போட்டு, பர்மா பஜாரில் வெற்றுக் கேசட் எடுத்துவந்து, பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினோம். ஊருக்கு இரண்டு ‘ரெக்கார்டிங் சென்டர்’ போர்டு தொங்கிய நாட்கள், யாரும் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. சட்டம் நினைத்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். கடைக்குள் வாடிக்கையாளருக்காகப் பாட்டுப் போட இன்றும் உரிமம் தேவை என்பதை உறுப்பினர்கள் கவனிக்கவும்.

ஆக, நம் சிட்டையில் அந்த வருஷம் ‘ரோஜா’ பத்து. மற்றவை ‘வெற்றுக் கேசட்’ என்ற தலைப்பில் ஏறின. மொத்தக் கடைக்காரருக்கும் தெரியாது, கேசட் கம்பெனிக்கும் தெரியாது. மனிதர்கள் எதை அதிகம் விரும்பினார்களோ அதுதான் எந்தக் கணக்கிலும் வராமல் போனது. கணக்கைக் கெடுத்தது நாம்.

பதிவுக்கு வருகிறவர்கள் ஒரு சீட்டில் பாட்டுகளை எழுதித் தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் சிரமம். கடைசல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் பதினைந்து எழுதிக்கொண்டு வருவார். மூன்றை அடிக்கச் சொன்னால் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசிப்பார். ஒன்றை அடிப்பார், மறுபடி எழுதுவார். ஏ பக்கம் முதல் பாட்டு எது என்பதில் மட்டும் அவருக்குத் தடுமாற்றமே இருந்ததில்லை. இன்று நாம் எட்டுப் பேர் செய்த வரிசையைவிட அந்தச் சீட்டு உண்மையானது. காசு கொடுத்து, பிடித்த மூன்றை விட்டுக்கொடுத்து எழுதியது. அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட நாம் வைத்துக்கொள்ளவில்லை. கல்கண்டும் கடுகும் மடித்துக் கொடுத்துவிட்டோம்.

சமமாக நின்றது

சீட்டுகளைக் கூட்டினோம். ‘அண்ணாமலை’ மூன்றாவது இடம். ‘ரோஜா’வும் ‘தேவர் மகனும்’ ஒரு மதிப்பெண்கூட வித்தியாசமில்லாமல் மேலே நின்றன.

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருப்பதைத் திருவள்ளூர் நண்பர் நினைவுபடுத்தினார். 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுக் குழுவிலும் சிறந்த இசையமைப்பாளருக்கு இதே இரண்டு படங்கள் சம ஓட்டு வாங்கின. குழுவின் தலைவர் இயக்குநர் பாலு மகேந்திரா. ‘மூடுபனி’ தொடங்கித் தம் பெரும்பாலான படங்களுக்கு இளையராஜாவையே தேடிப்போனவர். அவருடைய ஓட்டுத்தான் தீர்ப்பு. அதை அவர் ரஹ்மானுக்குப் போட்டார். இளையராஜா அதற்குள் மூன்று தேசிய விருதுகள் பெற்றிருந்தார், ரஹ்மானுக்கு அது முதல் படம். ‘தேவர் மகன்’ பாட்டுக்காக எஸ். ஜானகியும், ‘ரோஜா’ பாட்டுக்காக வைரமுத்துவும் அந்த வருஷம் விருது பெற்றார்கள். 2005-இல் அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகை வெளியிட்ட சிறந்த பத்துத் திரைப்பட இசைகளின் பட்டியலிலும் ‘ரோஜா’ இருந்தது. எண்ணெய்க் கடைக்காரர் இதற்கெல்லாம் அசையவில்லை. “டைம் பத்திரிகைக்காரன் ‘தேவர் மகன்’ கேட்டானான்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

எல்லோரும் நம் சட்டைப் பையைப் பார்த்தார்கள். எழுதாத சீட்டு அங்கேதான் இருந்தது.

காதுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் நமக்குத் ‘தேவர் மகன்’. இன்றும் காலையில் கடை திறக்கும்போது மனத்தில் ஓடுவது அதுதான். ஆனாலும் பேனாவை எடுத்து ‘ரோஜா’ என்று எழுதினோம். பத்தே பத்து என்று சிட்டையில் ஏறிய கணக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொன்னதும் எண்ணெய்க் கடைக்காரர் எழுந்துவிட்டார். “அண்ணாச்சி, இது வரிசை போடுறது இல்ல. பழைய பாக்கியைத் தீர்க்கிறது. நீங்க பாக்கி வெச்சதுக்கு எங்க ராஜா ஏன் இரண்டாவதா நிக்கணும்?” என்று தம் சீட்டை நம் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. திருவள்ளூர்க்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பினார்கள். ஒரே மாவட்டம் என்றாலும் ரயிலில் சென்னை போய் வண்டி மாறித்தான் திருவள்ளூர் போக வேண்டும் என்பதால் அவர்கள் எப்போதும் முன்பே கிளம்புவார்கள். படியிறங்கும்போது கீழே பையன் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தான். செல்போனில் அதே மெட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.