ட்ரோன் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ். மேடையில யாரோ உயிரைக் கொடுத்துப் பாடிக்கிட்டு இருக்காங்க. ஆனா, கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்து கையாட்டுது. தலைக்கு மேல 'விர்ர்ர்'னு ஒரு ட்ரோன்! பக்கத்துல நிக்கிற சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் உங்க தோள்ல கை போடறான். "மச்சி, இதுல ஒண்ணு வாங்கினா போதும்டா. லே-அவுட், குவாரி, ரோடுனு சர்வே பண்ணியே செட்டில் ஆயிடலாம்!"

ஐடியா தப்பே இல்லீங்க. கிராமத்துக் குடியிருப்புகளை ட்ரோனில் அளந்து சொத்து அட்டை கொடுக்கும் 'ஸ்வாமித்வா' திட்டத்தை மத்திய அரசு 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைப் பணிகளை மாதாமாதம் ட்ரோன் வீடியோ எடுக்கணும்னு நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் உத்தரவு போட்டது. அதே வருஷம் பெரிய சுரங்கங்களுக்கும் ஆண்டுதோறும் ட்ரோன் சர்வே கட்டாயமாச்சு. ஆக, வேலை இருக்கு.

ஆனா, அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி, அம்மா வளையலை அடகு வச்சு ட்ரோன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தத் தொழில்ல ட்ரோன் பறக்கிறது பாதி மணி நேரக் கதை. பறக்கிற உரிமையும், 'இந்த அளவு சரி'னு கையெழுத்துப் போடுற தைரியமும்தான் பிசினஸே! பைக் ஓட்டத் தெரிஞ்ச உங்களுக்கு முதல் பாதி ஈஸியா புரியும். வாங்க...

ஆர்.சி. புக் இருக்கா?

இந்தியாவில் ட்ரோனுக்கான அடிப்படைச் சட்டம், 2021 ஆகஸ்டில் வந்த 'ட்ரோன் விதிகள்'. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதுக்கு மேல லார்ஜ்னு எடையை வச்சுப் பிரிச்சிருக்காங்க. சர்வே வேலைக்குப் பெரும்பாலும் மைக்ரோவும் ஸ்மாலும்தான்.

பைக்குக்கு நம்பர் பிளேட் மாதிரி, ட்ரோனுக்கு தனி அடையாள எண் வேணும். டி.ஜி.சி.ஏ.வின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பிக்கணும், கட்டணம் வெறும் 100 ரூபாய்! ஆனா, அந்த மாடலுக்கு 'டைப் சர்டிபிகேட்' இருந்தாதான் எண் கிடைக்கும். நானோவுக்கு இந்த சர்டிபிகேட் தேவையில்லை.

"துபாய்ல இருந்து மாமா வர்றாரு, சூட்கேஸ்ல ஒண்ணு வச்சுக் கொண்டு வரச் சொல்லவா?" வேண்டவே வேண்டாம். 2022 பிப்ரவரி 9-ல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால கடைக்காரர்கிட்ட கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்குறதுக்கு முன்னாடி, "டைப் சர்டிபிகேட் இருக்கா? அதைக் காட்டுங்க"னு கேளுங்க. இல்லைன்னா லட்ச ரூபா கொடுத்து ஷோகேஸ் பொம்மை வாங்கின கதைதான்.

லைசென்ஸ் எடுத்தாச்சா?

வயசு 18-க்கு மேல, 65-க்குள்ள. பத்தாம் வகுப்பு பாஸ். இது போதும். அரியர் எத்தனைனு யாரும் கேக்கப் போறதில்லை! டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படிச்சு, டெஸ்ட்டில் தேறினா 'ரிமோட் பைலட் சர்டிபிகேட்' கிடைக்கும். 10 வருஷம் செல்லும்.

நானோவுக்கு இது தேவையில்லை. மைக்ரோவை காசு வாங்காம ஜாலிக்குப் பறக்க விட்டாலும் தேவையில்லை. தொழிலா இறங்கிட்டா மைக்ரோவுக்கும் கட்டாயம். நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். பைக்குக்குப் போடுறோமே, தேர்டு பார்ட்டி... மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே பிரிவுகள் ட்ரோனுக்கும் பொருந்தும்னு விதியிலேயே எழுதியிருக்கு. உங்க ட்ரோன் ஒரு பாட்டியோட ஓட்டு வீட்டுல விழுந்தா, நஷ்டஈடு கொடுக்க உங்க பாக்கெட் மணி பத்தாது. விதியை மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதமும் உண்டு.

சிக்னல் பச்சையா, மஞ்சளா, சிவப்பா?

வானத்துலயும் சிக்னல் இருக்கு பாஸ்! டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்தா நாடு முழுக்க மூணு கலர்.

பச்சை: தரையிலிருந்து 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. ஏர்போர்ட் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைன்னா 200 அடிதான்.

மஞ்சள்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேணும்.

சிவப்பு: மத்திய அரசு அனுமதி இல்லாம நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

நேத்து பச்சையா இருந்த இடம் இன்னிக்கும் பச்சைன்னு நம்பிடாதீங்க. வி.ஐ.பி. வருகை மாதிரி சமயங்களில், 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிக சிவப்பு மண்டலமா அறிவிக்கலாம். அதனால ஒவ்வொரு தடவையும் கிளப்புறதுக்கு முன்னாடி மேப்பைப் பாருங்க. ஊருக்குள்ள போனா பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயும், உள்ளூர் ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாரோ நம்ம வீட்டைப் படம் எடுக்குறாங்கன்னு ஜனங்க பதறினா, அவங்க பக்கம்தான் நியாயம்.

படம் அழகா இருந்தா போதுமா?

இதுவரைக்கும் பைக் கதை. இனிமேதான் சர்வே!

ஒரு இஞ்ச் சென்சார், 20 மெகாபிக்சல் கேமராவோட 100 மீட்டர் உயரத்தில் பறந்தா, படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 2.7 சென்டிமீட்டர். "ஆஹா, அப்போ என் மேப்பும் 2.7 சென்டிமீட்டர் துல்லியம்!"னு குதிக்காதீங்க. பிக்சல் சின்னதா இருக்கிறது வேற, அது சரியான இடத்துல உக்கார்றது வேற. சாதாரண ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பினா, மொத்த மேப்பும் சில மீட்டர் தள்ளிப் போயிடும். பார்க்க ஜம்முனுதான் இருக்கும். அதுதான் ஆபத்தே!

அதனால தரையில் அடையாளப் பலகைகளை வச்சு, டி.ஜி.பி.எஸ். கருவியால் அளந்து, அந்தப் புள்ளிகளோட மேப்பைக் கட்டணும். படங்கள் ஒண்ணு மேல ஒண்ணு 70, 80 சதவிகிதம் படியணும். இன்னும் சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காம தனியா வச்சிருந்து, கடைசியில் மேப்போடு ஒப்பிட்டுப் பார்க்கணும். அந்த வித்தியாசத்தை மறைக்காம ரிப்போர்ட்டில் எழுதுங்க. நாளைக்கு கிளையன்ட் உங்களைத் தேடி வர்றது அந்த ஒரு வரிக்காகத்தான்.

உயரம் இன்னும் பெரிய கண்ணாமூச்சி. ஜி.பி.எஸ். சொல்ற உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியைக் கணக்குக்காக ஒரு முட்டை வடிவமா வச்சு, அதிலிருந்து எடுத்த உயரம். சென்னைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் 80 மீட்டருக்கு மேல! அதுவும் ஊருக்கு ஊர் மாறும். ரெண்டையும் குழப்பி ஒரு மழைநீர்க் கால்வாய்க்கு அளவு கொடுத்தீங்கன்னு வைங்க... தண்ணி வடிய வேண்டிய தெருவுல தேங்கும். அடுத்த ஐப்பசியில முழங்கால் தண்ணியில நிக்கப் போறது நீங்களோ, கான்ட்ராக்டரோ இல்லை.

இன்னொண்ணு. "தம்பி, என் பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்டுட்டான். பறக்க விட்டுச் சொல்லு"னு யாராவது கூப்பிட்டா, கும்பிடு போட்டு நகருங்க. பட்டா எல்லையைச் சொல்ற அதிகாரம் அரசு சர்வேயருக்குத்தான். உங்க படம் இன்னிக்கு வரப்பு எங்க இருக்குனு காட்டும். எங்க இருக்கணும்னு சொல்லாது.

எடுத்த டேட்டாவுக்கும் விதி உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்படி, இந்திய நிறுவனங்கள் மேப் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனா, கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூணு மீட்டரைவிட நுணுக்கமான டேட்டாவை இந்தியாவுக்குள்ளதான் சேமிச்சு வேலை செய்யணும். எந்த நாட்டு சர்வர்னு தெரியாத ஆப்பில் அப்லோடு பண்ணிடாதீங்க.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது?

ட்ரோன் இல்லாமலே ஆரம்பிங்க! க்யூஜிஐஎஸ், ஓப்பன் ட்ரோன் மேப் ரெண்டும் ஓசி மென்பொருள்தான். ஹாஸ்டல் கம்ப்யூட்டர்லயே பழகலாம். அப்புறம் லீவுல ஏதாவது சர்வே குழுவில் பலகை தூக்குற ஆளாகவாவது சேருங்க. வெயில்ல நிக்காம இந்த வேலை வராது. அடுத்து பைலட் சர்டிபிகேட். கடைசியாத்தான் ட்ரோன்.

நிறுவனமா பதிய, உத்யம் பதிவு இலவசம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜி.எஸ்.டி. பதிவும் வேணும். தெரிஞ்சவங்க வேலையா இருந்தாலும் வொர்க் ஆர்டர் இல்லாம கிளப்பாதீங்க. என்ன அளவு, எவ்வளவு துல்லியம், எப்போ தரணும், எப்போ பணம்... நாலும் எழுத்துல இருக்கட்டும். சிவில் ட்ரோன்களுக்குப் புது வரைவு மசோதாவை மத்திய அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அதனால இறங்குற அன்னிக்கு என்ன சட்டம்னு ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. இந்தியாவை அளந்த அந்தப் பெரிய முக்கோண சர்வே ஆரம்பிச்சது நம்ம பரங்கிமலையில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தை 100 அடிச் சங்கிலியை மறுபடி மறுபடி கிடத்தி, பல நாள் அளந்தார். அதோட விடலை. கணக்கு சரியானு பார்க்க, 1804-ல் பெங்களூர் பக்கம் இன்னொரு கோடும் அளக்கப்பட்டது.

இன்னிக்கு அந்த மலையடிவாரத்தில் நின்னு அனுமதியில்லாம ட்ரோனைக் கிளப்ப முடியாது. பக்கத்துலயே மீனம்பாக்கம் ஏர்போர்ட்! சங்கிலி போய் ட்ரோன் வந்தாச்சு. ஆனா, அளந்ததை இன்னொரு தடவை சரி பார்க்குற அந்த வேலை மட்டும் மாறவே இல்லை.

அதைச் செய்ய ரெடின்னா... டேக் ஆஃப் பண்ணுங்க பாஸ்!