மழைக்கு முன் ஒரு வாரத்து ஆகாரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளுக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டபோது, அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊரார். வெளியுதவி வெள்ளத்தைத் தாண்டி வரவேண்டியிருந்த அந்த வேளையில், வீட்டுப் பானையில் கிடந்த அரிசியின் அருமை நன்கு விளங்கிற்று.

ஆயினும் அரிசி மட்டும் இருந்தால் போதாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பின் டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போக, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் துர்லபமாயிற்று. ஆகவே குளிர்பெட்டியையும் மிக்ஸியையும் நம்பிய பண்டம் எதுவும் ஆபத்துக்காலச் சேகரத்தில் சேராது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துச் செய்யும் அவலோ முன்பே வெந்த பதத்தில் இருப்பதால், அடுப்பில்லாமலே சுத்தமான ஜலத்தில் நனைத்து வெல்லத்தோடு உண்ணத்தக்கது. பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சத்துமாவு ஆகியவையும் அதன் இனத்தவையே. எரிவாயு இருக்கும்வரை புழுங்கலரிசியும் பருப்பும் கைகொடுக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் காய்கறி இல்லாத குறை தெரியாது.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, இவற்றுடன் இரண்டு மூன்று கிலோ அவல் என்பது என் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று நாளைக்கு மட்டும் பார்த்தாலும் அது 48 லிட்டராகிறது. மூடியுள்ள குடங்களை நிரப்பி வைப்பதே முதற் காரியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வெள்ளத்தோடு வயிற்றுப்போக்கும் வருமாதலால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கும் முறையை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சேர்த்ததைப் பூட்டி வைத்தால் வண்டுக்கே பிரயோசனம். வெயிலில் காயவைத்து ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, தரைத்தள வீடாயின் பரண்மேல் வைத்து, பழையதை எடுத்துச் சமைத்து அந்த இடத்தில் புதியதை நிரப்பி வந்தால், எப்பொழுதும் உண்ணும் உணவே ஆபத்துக்கும் உதவும். அறிமுகமில்லாத டப்பா உணவைப் பிள்ளைகள் பசியிலும் தொடமாட்டார்கள்.

தினக்கூலியில் வாழ்வோரிடம் ஒரு வாரத்து மளிகையை மொத்தமாக வாங்கச் சொல்வது நியாயமாகாது. வாங்கும்போதெல்லாம் அரைக் கிலோ கூட வாங்கி ஒதுக்குவது அவர்களுக்கும் சாத்தியமே. புயல் எச்சரிக்கை வந்த அன்று கடை வாசலில் கூட்டமும் விலையும் ஒருசேர ஏறும். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே அந்த முதல் அரைக் கிலோவை ஒதுக்கிவிடுங்கள்.