மலைக்கு அப்பால் ஒரு கப்பல்

வாகட்டில் வாழும் நம் சங்கத்து அன்பர்களிடம் "கடல் எந்தப் பக்கம்?" என்று வினவினால் மேற்கே கை நீட்டுவார்கள். அத்திசையில் கண்ணுக்குத் தெரிவது மலைத்தொடர் ஒன்றே. அரபிக் கடல் அம்மலைக்கும் அப்பால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் நம்மவர் வீடுகளில் கடலை நினையாத நாள் இல்லை எனலாம். தூத்துக்குடி, குமரி, நாகை, இராமநாதபுரம் என்று கரையோர ஊர்களை விட்டு வந்தவர்கள் நம்மிடையே பலர். ஒரு வீட்டில் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான்; மற்றொரு வீட்டில் மைத்துனர் ஆழ்கடல் விசைப்படகில் இருக்கிறார். அத்தகைய இல்லங்களை நினைந்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை வானொலி அலை மூலம் தாமே கூறிக்கொண்டு செல்கின்றன. அக்குறிகளைப் பிடித்துப் பிரித்துப் படிப்பது நமது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. நாம் ரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தோமில்லை. சில ஆண்டுகள் தவுண்டு ஜங்ஷனில் பணியாற்றிய காலத்தில் முதியவர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். 1927ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி தொடங்கியபோது, செய்தி அனுப்பும் நிலையம் புனேயை அடுத்த கட்கியிலும், செய்தி வாங்கும் நிலையம் தவுண்டிலும் அமைந்தனவாம். ‘இந்த வறண்ட பீடபூமியில் நின்றுகொண்டா கடல் கடந்த குரலைக் கேட்டார்கள்!’ என்ற வியப்பே நம்மை இவ்வழியில் இழுத்துவிட்டது.

சென்ற தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, அடுத்த கட்டிடத்தில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் தூத்துக்குடி அம்மையார் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். அவருடைய இளைய மகன் சரக்குக் கப்பலொன்றில் எஞ்சின் பகுதியில் வேலை பார்க்கிறான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நாவா சேவா துறைமுகத்துக்கு அக்கப்பல் வந்துகொண்டிருந்தது. நாள்தோறும் கைப்பேசியில் கப்பல் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது அம்மையாரின் வழக்கம்.

"தம்பி, மூன்று நாளாய்ப் படத்தில் கப்பலைக் காணோமே!" என்றார். மருமகன் கப்பல் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தாராம். ‘வழக்கம்போல் வருகிறது’ என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டார்களாம். அச்சொல் தாயின் மனத்துக்குப் போதவில்லை.

அவரை அமரச் செய்து, அம்முறை எவ்வாறு இயங்குகிறது என்று விளக்கினோம். அதையே இங்கும் கூறுகிறோம்.

தானியங்கி அடையாள முறை என்பது இதன் பெயர், மாலுமிகள் ஏ.ஐ.எஸ். என்பார்கள். வெளிநாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், பயணிக் கப்பல்கள் யாவும் இக்கருவியைப் பொருத்த வேண்டும் என்ற அனைத்துலக விதி 2002இல் தொடங்கி, 2004ஆம் ஆண்டு முடிவுக்குள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் குறிகள் வருகின்றன. ஓடும் கப்பல் அதன் வேகத்துக்கேற்ப 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தைச் சொல்லும். நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லும்.

நூறு கப்பல்கள் ஒரே வேளையில் பேசினால் குழப்பம் விளையாதோ என்று அன்பர்கள் கேட்கலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் மோதாமலிருக்க ‘லைன் கிளியர்’ வாங்குவதை நாம் அறிவோம். இங்கும் அதே ஒழுங்குதான். ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2250 சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அடுத்து எந்தக் கூற்றில் பேசப்போகிறோம் என்பதை ஒவ்வொரு கப்பலும் முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. மற்றவை அவ்விடத்தை விட்டுக்கொடுக்கின்றன. நடுக்கடலில் ஸ்டேஷன் மாஸ்டர் எவரும் இல்லை. எனினும் ஒழுங்கு குலைவதில்லை.

பிடித்த குறி திரையில் பொருளற்ற எழுத்துக் கோவையாகவே தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் 0 முதல் 63 வரை ஒரு மதிப்பு உண்டு. அதை ஆறு இலக்க இரும எண்ணாக மாற்றி வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் ஆறு இலக்கம் செய்தியின் வகையைச் சொல்லும். பின்னர்க் கப்பலுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண் வரும். அது 419 என்று தொடங்கினால் இந்தியக் கொடி தாங்கிய கப்பல், 417 என்றால் இலங்கைக் கப்பல். அப்பால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். 1,13,40,000 என்று ஓர் எண் கிடைத்தால் அதை 6,00,000ஆல் வகுக்க வேண்டும், 18.9 பாகை, அதாவது மும்பைத் துறைமுகத்தின் அட்சரேகை கிடைக்கும். கணினி இதை நொடியில் செய்துவிடும். ஆயினும் ஒரு முறையேனும் தாளில் போட்டுப் பார்ப்பவர்க்கே இதன் சுவை விளங்கும்.

இனி, கப்பல் ஏன் மறைந்தது? இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவுக்கு அப்பால் எட்டாது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கப்பலின் ஏரியல் 25 மீட்டர் உயரமானால் வர்க்கமூலம் 5. தொலைவு சுமார் 20 கிலோமீட்டர். கரை நிலையத்தின் உயரம் தரும் தொலைவையும் இதனோடு கூட்டிக்கொள்ளலாம். அந்த எல்லைக்கு வெளியே சென்ற கப்பலைக் கரையிலுள்ளோர் கேட்க இயலாது. விண்ணில் செல்லும் செயற்கைக்கோளே கேட்கும். 2011ஆம் ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 கோளிலும் இத்தகைய ஏற்பிக் கருவி ஒன்று இருந்தது. ஆனால் இலவச வரைபடங்களில் பெரும்பாலும் கரை நிலையங்கள் கேட்டது மட்டுமே வரும்.

"ஆதலின், அம்மா, கப்பல் மறையவில்லை, கேட்கும் காதுதான் அங்கே இல்லை" என்றோம். அத்தோடு நில்லாமல், "சனிக்கிழமை கண்டாளா மலைக்குப் போய் நாமே கேட்டுச் சொல்கிறோம்" என்றும் வாக்களித்துவிட்டோம். அவ்வாக்கு அவசரப்பட்டுத் தந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

கண்டாளா எதற்கென்று கேட்கலாம். வாகட்டும் கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்தான் உள்ளது. எனினும் இடையில் சஹ்யாத்ரி மலை குறுக்கே நிற்கிறது. வீட்டு மாடியில் ஒரு மாதம் ஏரியல் கட்டியிருந்தும் ஒரு கப்பலைக்கூட நாம் கேட்டதில்லை. கண்டாளாவோ அம்மலையின் மேற்கு விளிம்பு. அங்கிருந்து நாவா சேவா சுமார் 50 கிலோமீட்டர். 625 மீட்டர் உயரமென்று கொண்டால் வர்க்கமூலம் 25. எட்டும் தொலைவு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

சனிக்கிழமை தனியே சென்றோம். கருவி எளியது: தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கும் கட்டைவிரல் அளவுள்ள டாங்கிள் ஒன்று, மடிக்கணினி ஒன்று, கையால் செய்த ஏரியல் ஒன்று. 162 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.85 மீட்டர், அதில் நான்கில் ஒரு பங்கான சுமார் 46 சென்டிமீட்டருக்குச் செம்புக் கம்பி இரண்டு வெட்டி, மூங்கில் கழியில் கட்டியிருந்தோம். மாலை வரை காத்திருந்தும் ஒரு குறியும் வரவில்லை. வீடு திரும்பி, "ஒன்றும் கிடைக்கவில்லை, அம்மா" என்று சொல்லிவிட்டோம். அம்மையார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார். அன்றிரவு அவ்வீட்டில் விளக்கு அணையவில்லை.

நமக்கும் உறக்கம் வரவில்லை. கருவியைச் சோதித்தபோது குறை வெளிப்பட்டது. மலிவு டாங்கிள்களில் அலைவரிசை சற்றே பிசகும். நம்முடையது பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகியிருந்தது. கேட்கச் சிறிதே, ஆனால் 162 மெகாஹெர்ட்ஸில் அது 8100 ஹெர்ட்ஸ். மறந்த இத்திருத்தத்தால் பக்கத்தில் நின்ற கப்பல்களையும் நாம் கேட்கவில்லை! நமது செவிட்டுத்தனத்தைக் கடலின் மௌனம் என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டோமே என்று நாணினோம்.

கைப்பேசிக் கோபுரத்தின் அலையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு, ஞாயிறன்று அம்மையாரையும் அவர் மருமகனையும் உடன் அழைத்துச் சென்றோம். மலைமுனையில் கருவியை இயக்கியதும் குறிகள் மளமளவென்று வந்தன. நான்கு மணியளவில் நாம் குறித்து வைத்திருந்த ஒன்பது இலக்க எண் தோன்றியது. கப்பலின் பெயரோ 6 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். எண்ணைக் காட்டியும் அம்மையார் நம்பவில்லை. பெயர் வரும் வரை கைப்பையை இறுகப் பற்றியபடி நின்றார். பெயர் வந்தது, சேருமிடம் நாவா சேவா என்பதும் வந்தது.

"எவ்வளவு வேகத்தில் வருகிறான்?" என்றார்.

"மணிக்கு 12 கடல்மைல், அம்மா, 22 கிலோமீட்டர்."

"சைக்கிளில் வருகிற மாதிரிதான் வருகிறான்" என்று சொல்லி, அதன் பின்னரே அமர்ந்து, கொண்டுவந்த தயிர்ச்சாதத்தைப் பிரித்தார்.

அன்பர்களே, குறி கேளாமை வேறு, கப்பல் கெடுதல் வேறு. இவ்வுண்மையை நம் குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரிக் கரையில் எத்தனை இல்லங்கள் செய்தியின்றித் துடித்தன! அதே வேளையில் கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த 68 படகுகள் 952 மீனவர்களோடு இந்த மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தை வந்தடைந்தன என்று டிசம்பர்த் தொடக்கத்தில் அரசு அறிவித்தது. பிழைத்தவரும் சில நாள் மௌனமாகவே இருந்தனர்.

எனினும் எல்லா மௌனமும் ஒன்றன்று. பெரிய கப்பலின் மௌனம் தொலைவினால் வருவது. சிறு படகின் மௌனமோ கருவி இல்லாமையால் வருவது. பின்னது அபாயமானது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே சிங்கப்பூர்க் கொடி தாங்கிய கப்பலும் மீன்பிடி படகொன்றும் மோதின. அப்படகில் தமிழகத்தாரும் வங்கத்தாருமாக 14 பேர் இருந்தனர். இருவரே உயிரோடு மீட்கப்பட்டனர். இருளில் ஒரு படகு தன்னைத் தெரிவித்துக்கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டா. மீன்பிடி படகுகளில் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி ஒரு லட்சம் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று இம்மாநிலத்துப் பால்கரில் தொடங்கப்பட்டது. படகில் செல்லும் உறவினர் உள்ளோர், "உங்கள் படகில் கருவி இருக்கிறதா? இயங்குகிறதா?" என்று கேட்டறிவது கடமையாகும்.

கப்பலில் பணிபுரிவோரின் வீட்டார், கப்பலின் பெயரோடு அதன் ஏழு இலக்கப் பதிவெண்ணையும் குறித்து வைத்தல் வேண்டும். பெயர் மாறினும் அவ்வெண் மாறாது. உண்மையான ஆபத்தென்று தெரிந்தால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிராமல் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இப்பொழுதுபோக்கில் ஈடுபட விழையும் இளைஞர் முதலில் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதி உரிமம் பெறுக. 12 வயது நிறைந்தவர் எவரும் எழுதலாம். வானொலிக் கருவி வைத்திருப்பது பற்றிச் சட்டம் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

நம்மோடு கண்டாளாவுக்கு வர விரும்பும் அன்பர்கள் ஞாயிறு காலை லோணாவளா வண்டிக்குச் சிஞ்ச்வட் நிலையத்துக்கு வரலாம். தூத்துக்குடி அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மகனின் கப்பல் அடுத்த மாதம் மீண்டும் இப்பக்கம் வருகிறது.