போச்சம்பள்ளியில் பிறந்த பூதானம்

போச்சம்பள்ளி என்றதும் நெசவாளர் பலர், நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் சேலையையே நினைப்பர். (கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போச்சம்பள்ளி வேறு, இது தெலங்கானாவில் உள்ளது.) அவ்வூர் உழவருக்கும் உரியது என்பதை அன்பர்கள் அறிதல் நலம்.

1951 ஏப்ரல் 18 அன்று ஆசார்ய விநோபா பாவே கால்நடையாக அங்கு வந்து சேர்ந்தார். நிலத்தின் பொருட்டுத் தெலங்கானாவில் இரத்தம் சிந்திய காலம் அது. நிலமற்ற 40 ஒடுக்கப்பட்ட குடும்பத்தார் அவரை அணுகி, நஞ்சை 40 ஏக்கரும் புஞ்சை 40 ஏக்கரும் கிடைத்தால் உழைத்துப் பிழைப்போம் என்றனர். சர்க்காருக்கு எழுதலாம், ஆனால் மனு போய் நிலம் வருவதற்குள் எத்தனை பருவம் கழியுமோ! ஊராரிடமே கேட்டார் விநோபா. வெதிரே இராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார், 100 ஏக்கர் தருவதாகச் சபையறியச் சொன்னார். கேட்டது 80, கிடைத்தது 100!

பின்னர் நாடெங்கும் நடந்து திரட்டிய நிலம் 40 இலட்சம் ஏக்கருக்கு மேல். எனினும் அதில் பாறையும் தரிசும் உண்டு; வழக்கில் சிக்கியதும், உழுவோன் கைக்கு வராமலே நின்றதும் மிகுதி. தமிழகத்தில் 1958இலும் ஆந்திரத்தில் 1965இலும் பூதானத்திற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாயால் தந்த நிலம் பத்திரத்தில் ஏறி, அளந்து கல் நாட்டப்பெற்று, ஏரும் விதையும் உடன் வந்தாலன்றித் தானம் முற்றுப்பெறாது என்பது எம் துணிபு. சங்கக் கிடங்குக்கும் தறிக்கூடத்திற்கும் மனை அளிக்க எண்ணுவோர் இதனைக் கருதுவாராக.

அவ்வூர் இன்று பூதான் போச்சம்பள்ளி என்றே வழங்குகிறது.