காய்கறி லாரி ஓட்டுநரின் மனச்சுமை

சென்னை கோயம்பேடு சந்தையில் மொத்த வியாபாரம் நள்ளிரவுக்கு மேல்தான் சூடுபிடிக்கும். கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தக்காளி ஏற்றிய லாரிகள் அதற்குள் வந்து நின்றாக வேண்டும். விடிந்து, சில்லறைக் கடைக்காரர்கள் வாங்கிப் போய்விட்டால் அதே விலை கிடைக்காது. இந்தப் பதற்றத்தோடுதான் ஓட்டுநர் ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்.

உட்கார்ந்த இடத்தில் ஏன் இத்தனை அலுப்பு?

"உட்கார்ந்துதானே ஓட்டுகிறார்" என்பவர்கள் ஒரு ராத்திரி அந்தக் கேபினில் இருந்து பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூச வைக்கும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் திடீரென்று முன்னால் முளைக்கும். தார்ப்பாய் கயிறு தளர்ந்துவிட்டதா, மழை வந்தால் பெட்டி நனையுமா, ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று யோசனை ஓயாது. இதற்கு நடுவே மண்டியிலிருந்து போன்: "எங்கப்பா வந்துட்டிருக்க?" காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசினாலும் ஆபத்து குறைவதில்லை. கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கும், கவனம் பேச்சில் இருக்கும். முன்பெல்லாம் பேச்சுத்துணைக்குக் கிளீனர் வருவார். இப்போது பல வண்டிகளில் ஓட்டுநர் தனி ஆள்.

கண் திறந்திருக்கும், மூளை தூங்கும்

பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். அசந்துபோன மூளை அப்போது சில விநாடிகள் தானாக அணைந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி 3 விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் தடுமாற்றத்துக்கு ஈடானது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் விதித்த வரம்பே 0.03 சதவீதம்தான். பகலில் லோடு ஏற்றும்போது கூடவே நின்றுவிட்டு இரவில் வண்டி எடுப்பவர் 17 மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

வீட்டார் கவனிக்க

வந்த வழியே ஞாபகமில்லை என்கிறாரா? பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறாரா? குடித்தால்தான் தூக்கம் வருகிறதா? போதையில் வருவது ஆழ்ந்த தூக்கமல்ல. இவற்றில் ஏதாவது தெரிந்தால், 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

செய்யக்கூடியவை

ஓட்டுநர்களே, கிளம்பும் முன் பகலில் தூங்குங்கள். வழியில் கண் சொருகினால் பாட்டும் புகையிலையும் காப்பாற்றாது. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் நீங்கள் எழவும் சரியாக இருக்கும். ஓய்வைச் சட்டமும் வலியுறுத்தியது: 2025 வரை நடப்பில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது.

மண்டிக்காரர்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வந்து சேரும் நேரத்தை லோடு ஏற்றும்போதே, ஓய்வுக்கும் இடம் விட்டுப் பேசி முடியுங்கள். வண்டி ஓடும்போது ஓட்டுநரைப் போனில் கூப்பிடாதீர்கள். சரக்கு இறங்கியதும் அவர் தூங்கி எழ ஓர் இடம் கொடுங்கள். அதன் பிறகு ஊருக்கு அனுப்புங்கள்.