பரீட்சையும் முகூர்த்தமும்

மேற்படிப்புப் படிக்கும் பெண்ணுக்கு வரன் நிச்சயமாகிவிட்ட வீட்டில் இரண்டு பஞ்சாங்கங்கள் ஆட்சி புரிகின்றன. ஒன்று கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குவது. பாம்புப் பஞ்சாங்கமாகவும் இருக்கலாம், திருக்கணிதமாகவும் இருக்கலாம். மற்றொன்று சர்வகலாசாலையார் வெளியிடும் பரீட்சை அட்டவணை. முதலாவதைக் கணிக்கிறவர்கள் இரண்டாவதைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டாவதைத் தயாரிக்கிறவர்கள் முதலாவதைப் புரட்டியதாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் கலந்து கொள்ளாமலே இவை இரண்டும் இவ்வளவு கச்சிதமாக மோதிக் கொள்ளும்படி அமைந்திருப்பதுதான் நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பல குடும்பங்கள் விலக்கி விடுகின்றன. மார்கழியில் பேச்சே கிடையாது. கலாசாலைப் பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பதோ பாடங்கள் அப்போதுதான் ஆரம்பமாகும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், அது ஆடி. அதை விட்டால், நவம்பரில் தொடங்கிய பரீட்சை முடிந்து அடுத்த பருவம் பிறப்பதற்கு முன்னால், அது மார்கழி. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன; பரீட்சையும் அப்போதுதான் வருகிறது. சித்திரையில் மண்டபத்துக்கு மண்டபம் நாதஸ்வரம் முழங்குகிறது. ஏப்ரல், மே பரீட்சையும் அதே வேளையில் நடக்கிறது. வைகாசியில் விடுமுறை உண்டு. ஆனால் ஊரிலுள்ள மற்றப் பரீட்சைக்காரர்களும் அந்த வைகாசியைத்தானே எதிர்பார்த்திருக்கிறார்கள்? மண்டபம் எங்கிருந்து கிடைக்கும்? ஆனியிலோ, மூத்த பிள்ளைக்கு மூத்த பெண்ணை மணம் செய்விக்கக் கூடாதென்று சில குடும்பங்களில் ஒரு சம்பிரதாயம். வீட்டுக்கு ஒரு குழந்தை என்று ஆகிவிட்ட இக்காலத்தில் எல்லோருமே மூத்தவர்கள்தான்! போதாக்குறைக்கு, ஒரு மாதத்தில் இரண்டு அமாவாசை வந்துவிட்டால் அந்த மாதமே தள்ளுபடி.

மிஞ்சியவற்றில் தையும் மாசியும் உண்டு. நமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தில் அப்படித்தான் மாசி மாதத்தில் ஒரு முகூர்த்தம் பார்த்தார்கள். பெண் நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. நான்காவது பருவத்தில், அதாவது தை முதல் பங்குனி வரையில், ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிறவள். நிச்சயதாம்பூலம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சேர்ந்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார்கள். பெண்ணிடமும் தேதியைச் சொன்னார்கள். கேட்டார்கள் என்று நாம் எழுதவில்லை; சொன்னார்கள்.

அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய சங்கடம் விளங்காது. நோய்க் கிருமிகளை எந்த மருந்து எவ்வளவு தூரம் அடக்குகிறது என்று கண்டறிய ஒரு முறை இருக்கிறது. 1966-இல் பாவர், கிர்பி முதலிய நால்வர் வகுத்து வெளியிட்டது. இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுவது. கடற்பாசிக் கூழ் உறைந்த வட்டத் தட்டில் கிருமியைச் சீராகத் தடவ வேண்டும். தடவிய கால் மணி நேரத்துக்குள் மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் மூடிவிட வேண்டும். 16 முதல் 18 மணி நேரம் கழித்து எடுத்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்று தெளிவாய்த் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். முந்தி எடுத்தாலும் பிந்தி எடுத்தாலும் அளவை நம்புவதற்கில்லை. சுருங்கச் சொன்னால், கிருமிக்கும் ஒரு முகூர்த்தம் உண்டு. ராகு காலம், எமகண்டம் பார்த்து அது நகராது.

ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் தட்டுகளை வைத்துவிட்டு வீடு திரும்பினாள். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் அளவெடுக்க வேண்டும். வீட்டிலோ, மறுநாள் வெள்ளிக்கிழமை, காஞ்சீபுரம் போய்க் கூறைப் புடவை எடுப்பதென்று தீர்மானம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்; அதற்கு முன்னால் புடவையைக் கையில் வாங்கிவிட வேண்டும். தாம்பரத்திலிருந்து புறப்படுகிறவர்கள் ஏழு மணிக்காவது வண்டி ஏற வேண்டும்.

"ஒரு நாள் நீ போய்ப் பார்க்காவிட்டால் அந்தக் கிருமி ஓடியா போய்விடும்?" என்று கேட்டாள் அத்தை.

"ஓடாது அத்தை, வளர்ந்துவிடும்" என்றாள் பெண்.

காஞ்சீபுரத்துக்கு அவள் போகத்தான் போனாள். தோழி ஒருத்தி தட்டுகளை எடுத்து அளந்து, படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பினாள். தறிக்காரர் விரித்த அரக்குப் பட்டும் மயில்கழுத்துப் பட்டும் ஒரு பக்கம், கைபேசியில் 14 மில்லிமீட்டரா 15 மில்லிமீட்டரா என்று தெரியாத ஒரு மங்கலான வட்டம் மறுபக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, "பெண்ணுக்குப் புடவையில் நாட்டமே இல்லை" என்று உறவினர் ஒருவர் மனத்தாங்கலாகச் சொன்னாராம். நாட்டம் இல்லாமல் என்ன? இருந்த இரண்டு கண்ணும் போதவில்லை, அவ்வளவுதான். அந்தத் தட்டுகளின் அளவைப் பேராசிரியை ஏற்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தடவச் சொன்னார்.

நிற்க. அந்தக் காலத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அடுத்த வீட்டுக்காரர் என்று பந்தக்கால் நடுவதிலிருந்து பாத்திரம் எண்ணுவது வரையில் ஆள் இருந்தார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பேர். தகப்பனாருக்கு ஆபீஸ், தாயாருக்கும் ஆபீஸ். கைபேசியில் நாலு காரியத்தைச் சுருக்காக முடிக்கத் தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான், அவள்தான் மணப்பெண். சமையல் காண்ட்ராக்டரிடம் பந்திக்கு இத்தனை இலை என்று பேசுவது, பூக்காரருக்கும் படம் எடுப்பவருக்கும் முன்பணம் அனுப்புவது, வெளியூர் உறவினருக்கு ரயில் டிக்கெட்டு எடுப்பது, வாட்ஸ்அப்பில் இரு வீட்டாருக்கும் பொதுவாக ஏற்பட்ட குழுவில் வரும் கேள்விகளுக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் எழுதுவது ஆகிய அனைத்தும் அவள் தலையில் விழுகின்றன. நன்றாகப் படித்த பெண்ணாயிற்றே என்றுதான் அவளிடம் ஒப்படைக்கிறார்கள். படிப்பு கொடுத்த சாமர்த்தியமே படிப்புக்குச் சத்துருவாய் வந்து நிற்கும் விநோதத்தை என்னவென்று சொல்வது?

மாப்பிள்ளைப் பையனும் சும்மா இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவனுக்கு உத்தியோகம். லீவு பத்து நாள் என்று அவன் சொன்னால் இரு வீட்டாரும் அதை வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறார்கள். பெண் தனக்கு 75 சதவீத வருகை வேண்டும், குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று சொன்னால், "அதெல்லாம் சொன்னால் விடுவார்கள்" என்று பதில் வருகிறது.

இந்தப் பிரச்னை நேற்றுத் தோன்றியதல்ல. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, வரன் பேச்சுக்களை விலக்கிப் படித்து, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்து, அவர் அதற்கு உடன்பட்ட பிறகே சம்மதித்தார். தலைச்சேரி ஜானகி அம்மாள் தாவர சாஸ்திரத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கடைசி வரையில் விவாகமே செய்துகொள்ளவில்லை. லலிதா அம்மாளின் கதை வேறு தினுசு. 15-ஆம் வயதில், 1934-இல் விவாகம்; 1937-இல் பெண் குழந்தை; குழந்தை பிறந்த நாலாம் மாதம் கணவரை இழந்தார். அதற்குப் பிறகு கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையில் சேர்ந்து, 1943-இல் மின்சாரப் பொறியியலில் தேறி, இந்தியாவின் முதல் பெண் இஞ்சினீயர்களில் ஒருவரானார். மூவருக்கும் மூன்று வழி. படிப்பும் கல்யாணமும் ஒரே பருவத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் சௌகரியம் அவர்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.

சர்க்காரும் இதில் வெகு தூரம் நடந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி ஏற்பட்டது. பெண் குறிப்பிட்ட வகுப்பு வரையில் படித்திருந்தால்தான் பணம் என்பது அதன் சூட்சுமம். கல்யாணத்தைத் தூண்டிலாகப் போட்டுப் படிப்பைப் பிடிக்கும் யுக்தி! 2011-இல் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்று ஆயிற்று. 2016-இல் தங்கம் 8 கிராமானது. 2022-இல் அந்தத் திட்டமே உருமாறிப் புதுமைப் பெண் திட்டமாயிற்று. அரசாங்கப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், கல்யாணப் பேச்சே இல்லாமல். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டு விதிகளில் 240 நாள் வரையில் மகப்பேற்று, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வகுத்தது. கெடுவுக்கு மேல் இரண்டு வருஷச் சலுகையும் கொடுத்தது. பிரசவத்துக்கு விதி ஏற்பட்டுவிட்டது. பத்திரிகை அச்சடிக்கவும் பலகாரம் தீர்மானிக்கவும் எந்தக் குழு விதி செய்ய முடியும்? அது வீட்டுக்குள் தீர வேண்டிய வழக்கு.

நாம் சொல்லிவந்த வீட்டில் அது தீர்ந்த விதம் இதுதான். பெண் ஒரு நாள் பரீட்சை அட்டவணையையும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி அம்மாளையே நேரில் போய்ப் பார்த்தாள். தாயாருக்கு இது தெரியாது. தெரிந்தபோது ஒரு வேளை சாப்பிடவில்லை. சம்பந்தி அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னுடைய பி.எட். பரீட்சையைக் கல்யாணமான ஒன்பதாம் நாள் எழுதினேன் அம்மா. மருதாணிக் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது, என்ன எழுதினேன் என்று இன்று வரை தெரியாது" என்றார். வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம் பார்க்கும்படி அவரே சாஸ்திரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். சாஸ்திரிகள், பரீட்சை முடியும் தேதியை முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்குத் தக்கபடி பார்த்துக் கொடுத்திருப்பேனே என்று குறைபட்டுக் கொண்டார். மண்டபத்தின் முன்பணத்தில் பாதி திரும்பவில்லை. அந்த நஷ்டத்தை இரு வீட்டாரும் சமமாய் ஏற்றார்கள். பெரிய மண்டபம் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே சிறியதாக ஒன்று கிடைத்தது. அழைக்கப்பட்டவர்களில் முந்நூறு பேர் குறைந்தார்கள். இதனால் யாருக்கும் பெரிய கஷ்டம் நேர்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

கல்யாணப் பத்திரிகையில்தான் கடைசி யுத்தம் நடந்தது. அச்சுப் பிழை பார்க்க அவளிடமே வந்த நகலில் அவள் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட்டிருந்தது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் பேனாவால் அதை அடித்தாள். "மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. இருக்கும்போது நம் பெண் பெயர் மொட்டையாக இருக்கலாமா?" என்று தாத்தா வருத்தப்பட்டார். தகப்பனார் சமாதானமாக, பி.எஸ்ஸி. என்றாவது போடலாமே என்றார். அது உண்மையான பட்டம். அதற்கு அவள் ஆட்சேபிக்கவில்லை. முதலெழுத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. கல்யாணம் ஆனவுடன் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவன் பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பது வழக்கம். படிப்பு நடுவே இருக்கும் பெண்கள் இதில் அவசரப்படக் கூடாதென்பது நம் அபிப்பிராயம். பள்ளி இறுதிச் சான்றிதழில் என்ன பெயரோ அதுதான் பட்டத்திலும் வரும். இடையில் மாற்றினால் ஆபீஸ் ஆபீஸாக அலைய நேரும். விவாகப் பதிவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளைக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் தவணை உண்டு.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. பரீட்சை முடிவு ஆனியில் வந்தது. பெண் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி பிறந்தகத்துக்கு அழைத்து வந்தார்கள். ஆடிச் சீர் என்று மாப்பிள்ளைக்கு வேஷ்டி, பெண்ணுக்குப் புடவை, பழத்தட்டு எல்லாம் கூடத்தில் பரப்பியிருந்தன. பெண் தன் பழைய மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். "கணவன் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, இதை இப்போது நிரப்பலாமா அப்பா?" என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார்.